ஃபெல்லோஷிப் விண்ணப்பத்தை யார் படிக்கப் போகிறார்?

நீங்கள் கேட்டதன் சுருக்கம் இது: நுண்ணுயிரியலில் பிஎச்.டி. முடிக்க இன்னும் ஆறு மாதம் இருக்கிறது. மூன்று கட்டுரைகள் வந்திருக்கின்றன, ஒன்றில் மட்டும்தான் உங்கள் பெயர் முதலில், அதாவது முதல் ஆசிரியராக, இருக்கிறது. வேறொரு நாட்டில் போஸ்ட்டாக், அதாவது பிஎச்.டி.க்குப் பிந்தைய ஆய்வுக்கான, ஃபெல்லோஷிப்புக்கு விண்ணப்பிக்க ஆசை. இப்போதே தொடங்கலாமா, இன்னும் இரண்டு கட்டுரை வெளிவரும்வரை காத்திருக்கலாமா? ஆய்வுத் திட்டத்தை எப்படி எழுதுவது? கிடைக்காவிட்டால் என்ன செய்வது?

இப்போதே தொடங்குங்கள். நான் மூன்று முறை விண்ணப்பித்து மூன்றாவது முறை ஃபெல்லோஷிப் வாங்கியவள். பிறகு சில ஆண்டுகள் மற்றவர்களின் விண்ணப்பங்களை மதிப்பிடும் குழுக்களிலும் இருந்திருக்கிறேன். விண்ணப்பித்த காலத்தில் எனக்குப் புரியாமலே இருந்த ஒரு விஷயம், மதிப்பிட உட்கார்ந்த முதல் வாரத்திலேயே புரிந்துவிட்டது. யார் படிக்கிறார்கள் என்று தெரிந்தால் எதை எழுதுவது என்ற குழப்பத்தில் பாதி தீர்ந்துவிடும்.

உங்கள் விண்ணப்பத்தைப் படிப்பவர் பெரும்பாலும் உங்கள் தலைப்பில் நிபுணர் அல்ல. பக்கத்துத் துறைக்காரர். நீங்கள் பாக்டீரியாவில் வேலை செய்தால் அவர் ஈஸ்ட்டிலோ தாவர வைரஸிலோ வேலை செய்பவராக இருப்பார். அவர் கையில் ஒரு கட்டு விண்ணப்பம் இருக்கும். தன் ஆய்வக வேலையும் வகுப்பும் முடிந்த பிறகு, ராத்திரியில்தான் அதை எடுத்துப் படிப்பார். பிறகு குழுக் கூட்டத்தில் உங்கள் சார்பில் பேச வேண்டியவரும் அவர்தான். நீங்கள் அங்கே இருக்க மாட்டீர்கள். அவருக்கும் சில நிமிடம்தான் கிடைக்கும். அதற்குள் அவர் மூன்று விஷயம் சொல்லியாக வேண்டும்: இந்த ஆள் என்ன கேள்வி கேட்கிறார், அதை ஏன் இவரால் செய்ய முடியும், ஏன் குறிப்பாக இவர் போக நினைக்கும் அந்த ஆய்வகத்தில். இந்த மூன்றையும் அவர் வாயில் வரக்கூடிய சொற்களில் நீங்கள் எழுதிக் கொடுத்திருந்தால் அவரால் உங்களுக்காக வாதாட முடியும். எழுதிக் கொடுக்காவிட்டால், நல்ல மனசு இருந்தாலும் அவரால் முடியாது. எவ்வளவோ நல்ல ஆய்வு யோசனைகள் அப்படி வாதாட ஆளில்லாமல் போனதை நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்றையும் மனதில் வையுங்கள். ஆய்வு மானியம் ஒரு திட்டத்துக்குக் கொடுப்பது. ஃபெல்லோஷிப் ஓர் ஆளுக்குக் கொடுப்பது. ஐரோப்பிய ஒன்றியம் தரும் மேரி ஸ்க்லோடோவ்ஸ்கா-கியூரி போஸ்ட்டாக் ஃபெல்லோஷிப்பில் மதிப்பெண்ணைப் பிரித்திருக்கும் விதத்தைப் பாருங்கள். ஆய்வின் தரத்துக்கு 50 சதவீதம், தாக்கத்துக்கு 30, நடைமுறைப்படுத்தலுக்கு 20. இதில் அந்த 30 சதவீதத்தில் முக்கியமாகக் கேட்பது, இந்த இரண்டு வருடத்துக்குப் பிறகு நீங்கள் எப்படிப்பட்ட ஆய்வாளராக இருப்பீர்கள் என்பதுதான். 50 சதவீதத்துக்குள்ளேயும் உங்களுக்குக் கிடைக்கும் பயிற்சி, வழிகாட்டுதல், உங்கள் அனுபவம் எல்லாம் அடக்கம். பலர் பத்துப் பக்கத்தில் எட்டுப் பக்கம் சோதனை முறைகளை எழுதிவிட்டு, மீதியைக் கடைசி ராத்திரி நிரப்புகிறார்கள். மதிப்பெண் போவது அங்கேதான்.

சரி, காத்திருப்பதா வேண்டாமா என்ற கேள்விக்கு வருகிறேன். உயிரியல் ஆய்வுக்கு நிதி தரும் எம்போ, ஹியூமன் ஃபிரான்டியர் சயின்ஸ் புரோகிராம் ஆகிய இரண்டு அமைப்புகளும் போஸ்ட்டாக் ஃபெல்லோஷிப்புக்குத் தகுதியாகக் கேட்பது குறைந்தது ஒரு முதல் ஆசிரியர் கட்டுரை. அது உங்களிடம் இருக்கிறது. கட்டுரை எண்ணிக்கை கூடினால் நல்லதுதான், ஆனால் நீங்கள் காத்திருக்கும்போது கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும். நிறைய ஃபெல்லோஷிப்புகள் பிஎச்.டி. வாங்கிய தேதியிலிருந்து ஆண்டுகளை எண்ணுகின்றன. ஜெர்மனியின் ஹம்போல்ட் அறக்கட்டளை போஸ்ட்டாக் பிரிவில் நான்கு ஆண்டு வரம்பு வைத்திருக்கிறது. மேரி கியூரியில் 2025 அழைப்பின்படி பிஎச்.டி.க்குப் பிறகான ஆய்வு அனுபவம் எட்டு ஆண்டைத் தாண்டக் கூடாது. அதிலேயே இடப்பெயர்வு விதி ஒன்றும் உண்டு: கடைசித் தேதிக்கு முந்தைய 36 மாதத்தில், நீங்கள் போக நினைக்கும் நாட்டில் 12 மாதத்துக்கு மேல் இருந்திருக்கக் கூடாது. எனக்குத் தெரிந்த ஒரு பையன் விருந்தினர் ஆய்வாளராக முதலில் அந்த நாட்டுக்குப் போய், அங்கேயே இருந்து நிதானமாக விண்ணப்பிக்கலாம் என்று பதினான்கு மாதம் இருந்துவிட்டான். திட்டம் அருமையாக இருந்தது, தகுதி போய்விட்டது. விதிகள் ஒவ்வோர் அழைப்பிலும் மாறும். அதனால் சீனியர் சொன்னதை நம்பாமல், அந்த ஆண்டின் விண்ணப்பதாரர் கையேட்டை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை நீங்களே படியுங்கள். மகப்பேறு, உடல்நலம் போன்ற காரணங்களால் ஆய்வில் இடைவெளி விழுந்திருந்தால் பெரும்பாலான அமைப்புகள் அந்தக் காலத்தைக் கழித்துக் கணக்கிடும். கூச்சப்படாமல் கேளுங்கள், அது உங்கள் உரிமை.

நேரக் கணக்கிலும் ஏமாந்துவிடாதீர்கள். ஆஸ்திரேலியாவில் 2012-ல் மருத்துவ ஆய்வு மானியத்துக்கு விண்ணப்பித்தவர்களிடம் கேட்டபோது, புதிய விண்ணப்பம் ஒன்றுக்குச் சராசரியாக 38 வேலை நாட்கள் ஆனதாகத் தெரியவந்தது. ஃபெல்லோஷிப் அதைவிடச் சிறியது என்றாலும், ஆய்வேடு எழுதிக்கொண்டே செய்யப் போகிறீர்கள். கடைசித் தேதிக்கு ஐந்து மாதம் முன்னால், நீங்கள் போக நினைக்கும் ஆய்வகத்தின் தலைவருக்கு எழுதுவது, மூன்று மாதம் முன்னால் ஒரு பக்கச் சுருக்கத்தில் இருவரும் ஒத்துப்போவது, ஒரு மாதம் முன்னால் முழு வரைவு கையில் இருப்பது. இதற்குக் குறைவாக வைத்தால் வரைவைப் பிறர் படித்துச் சொல்ல அவகாசம் கிடைக்காது. பிறர் படித்துச் சொல்லாத விண்ணப்பத்தை அனுப்பவே கூடாது என்பது என் கருத்து.

ஆய்வகத் தலைவருக்கு எழுதும் அந்த முதல் மின்னஞ்சலைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். "உங்கள் உலகத்தரம் வாய்ந்த பணிகளால் ஈர்க்கப்பட்டு" என்று தொடங்கும் கடிதங்கள் அவர்களுக்கு நிறைய வருகின்றன. எந்த ஆய்வகத்துக்கு வேண்டுமானாலும் அனுப்பக்கூடிய கடிதத்துக்கு யாரும் பதில் போடுவதில்லை. உங்கள் துறையிலேயே ஓர் உதாரணம் எடுத்துக்கொள்வோம். மருந்து கொடுத்தும் சாகாமல் தங்கிவிடும் பாக்டீரியாவைப் பற்றி வேலை செய்யும் ஓர் ஆய்வகம் என்று வையுங்கள். செல்லுக்கு ஆற்றல் தரும் ஏடிபி என்ற மூலக்கூறை அளப்பது உங்கள் கைவித்தை என்றும் வையுங்கள். நான் இப்படி எழுதச் சொல்வேன்: "உங்கள் போன வருடக் கட்டுரையின் மூன்றாவது படத்தில், மருந்து கொடுத்து நான்கு மணி நேரம் ஆன பிறகு செல்கள் சாவது நின்றுவிடுகிறது. அந்தக் கட்டத்தில் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் ஏடிபி அளவு எப்படி இருந்தது என்று பார்த்தீர்களா? நான் பிஎச்.டி.யில் ஒற்றைச் செல் நுண்ணோக்கியில் அதை அளக்கும் வேலையைத்தான் செய்தேன். இதை வைத்து உங்களோடு சேர்ந்து இந்த ஃபெல்லோஷிப்புக்கு விண்ணப்பிக்க விரும்புகிறேன். கடைசித் தேதி இன்னும் ஐந்து மாதத்தில். இருபது நிமிடம் பேச முடியுமா?" அவ்வளவு போதும். கட்டுரையைப் படித்திருக்கிறீர்கள், கையில் ஒரு வித்தை இருக்கிறது, பணத்தை அவரிடம் கேட்கவில்லை, என்ன வேண்டும் என்று தெளிவாகச் சொல்கிறீர்கள். பத்து நாளில் பதில் இல்லையென்றால் மரியாதையாக ஒரு முறை நினைவூட்டுங்கள். அதற்கும் பதில் இல்லையென்றால் அடுத்த ஆய்வகத்தைப் பாருங்கள்.

பதில் வந்த பிறகு, அந்த ஆய்வகத்தில் இருந்து வெளியேறியவர்கள் இரண்டு பேரிடமாவது பேசிவிடுங்கள். இப்போது இருப்பவர்களைவிட அவர்கள் வெளிப்படையாகப் பேசுவார்கள். போஸ்ட்டாக் முடித்தவர்கள் தங்கள் திட்டத்தைத் தங்களோடு எடுத்துப்போக ஆய்வகத் தலைவர் விட்டாரா என்று கேளுங்கள். இந்த ஒரு கேள்விக்கு வரும் பதிலில் எல்லாம் தெரிந்துவிடும்.

இனி ஆய்வுத் திட்டம். முதல் பத்தியில்தான் பெரும்பாலானவர்கள் சறுக்குகிறார்கள். நான் படித்த விண்ணப்பங்களில் நிறைய இப்படித்தான் தொடங்கும்: "நுண்ணுயிர் எதிர்ப்பு இன்று உலகம் எதிர்கொள்ளும் மிகப்பெரிய சவால்களில் ஒன்றாகும். புதிய உத்திகள் அவசரமாகத் தேவைப்படுகின்றன. இத்திட்டம் அதிநவீன முறைகளைப் பயன்படுத்தி இதை விரிவாக ஆராயும்." இதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் அந்தத் துறையில் இருக்கும் யார் வேண்டுமானாலும் இதை எழுதலாம். படிப்பவருக்கு உங்களைப் பற்றியும் தெரியாது, உங்கள் கேள்வியைப் பற்றியும் தெரியாது. மூன்று வரி வீணாகப் போய்விட்டது.

அதே திட்டத்தை இப்படித் தொடங்கிப் பாருங்கள்: "ஒரு பாக்டீரியாக் கூட்டத்துக்குப் பென்சிலின் கொடுத்தால் ஏறக்குறைய எல்லாமே சாகின்றன. சில மட்டும், மரபணுவில் எந்த மாற்றமும் இல்லாமலே பிழைத்துக்கொள்கின்றன. ஜோசப் பிக்கர் 1944-ல் இதைக் கவனித்து எழுதினார். அந்தச் சில செல்கள் எவை என்று மருந்து கொடுத்த பிறகுதான் நம்மால் சொல்ல முடிகிறது. மருந்து கொடுப்பதற்கு முன்பே, ஒரு செல்லின் ஏடிபி அளவை வைத்து அது பிழைக்குமா சாகுமா என்று சொல்ல முடியுமா? இதற்கு வேண்டிய அளவீட்டு முறையை என் பிஎச்.டி.யில் உருவாக்கினேன், நோய்த்தொற்றை ஆராய்வதற்கான மாதிரி அமைப்பு இந்த ஆய்வகத்தில் இருக்கிறது." ஈஸ்ட்டில் வேலை செய்பவருக்கும் இது புரியும். அவருக்கும் விடை தெரிந்துகொள்ள வேண்டும் என்று தோன்றும். கூட்டத்தில் அவர் பேச வேண்டிய மூன்று விஷயமும் இந்த ஆறு வாக்கியத்துக்குள் இருக்கிறது. முழுத் திட்டமும் மோசமாக இருந்து முதல் பத்தி மட்டும் நன்றாக இருந்தால் ஜெயிக்க முடியாது என்பது உண்மைதான். ஆனால் முதல் பத்தியில் கேள்வி தெளிவாகிவிட்டால் மீதிப் பக்கங்கள் தாமாகவே ஒழுங்குக்கு வருவதைப் பல மாணவர்களிடம் பார்த்திருக்கிறேன். கேள்வியே தெளிவாக இல்லாததால்தான் பலருடைய திட்டம் குழம்பிக் கிடக்கிறது.

அடுத்தது, நோக்கங்களை ஒன்றின் தலையில் ஒன்றாக அடுக்காதீர்கள். முதல் சோதனை வெற்றி பெற்றால்தான் இரண்டாவது, இரண்டாவது வந்தால்தான் மூன்றாவது என்று வைத்தால், முதல் வருடம் ஏதாவது ஒன்று சொதப்பினால் மொத்தமும் சாய்ந்துவிடும். மதிப்பீட்டாளர் இதைத்தான் முதலில் தேடுவார். மேலே சொன்ன உதாரணத்தில், ஏடிபி அளவுக்கும் பிழைப்பதற்கும் தொடர்பே இல்லை என்று வந்தால்? அதுவும் ஒரு விடைதான், வெளியிடத் தகுந்த விடை, ஏனென்றால் தொடர்பு இருக்கிறது என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். இதை நீங்களே எழுதிவிடுங்கள். "இந்த முறை வேலை செய்யாவிட்டால் இதைச் செய்வேன்" என்று ஒவ்வொரு நோக்கத்துக்கும் இரண்டு வரி. ஆபத்தே இல்லாத திட்டம் என்று காட்டிக்கொள்பவரை யாரும் நம்புவதில்லை. எங்கே இடறும் என்று தெரிந்துவைத்திருப்பவரை நம்புவார்கள்.

உங்கள் நெறியாளரின் ஆய்வை அப்படியே நீட்டிக்கும் திட்டத்தையும் தவிர்த்துவிடுங்கள். ஹியூமன் ஃபிரான்டியர் அமைப்பு பிஎச்.டி.யில் செய்ததிலிருந்து வெளிப்படையாக விலகிய புதிய திசையைத்தான் கேட்கிறது. மற்றவை அவ்வளவு கண்டிப்பாகக் கேட்காவிட்டாலும், "இவர் அங்கே போய்ப் புதிதாக எதைக் கற்றுக்கொள்வார்?" என்ற கேள்வி எல்லாக் குழுக்களிலும் எழும். பழைய வித்தை ஒன்று, புதிய களம் ஒன்று. இந்தச் சேர்க்கைதான் எனக்குத் தெரிந்து நன்றாக எடுபடுகிறது.

பக்க வரம்பு, எழுத்தளவு, ஓரம் எல்லாவற்றையும் அப்படியே பின்பற்றுங்கள். மேரி கியூரியில் முக்கியப் பகுதிக்குப் பத்துப் பக்கம்தான். மிஞ்சிய பக்கங்கள் மதிப்பீட்டாளர் கண்ணுக்கே போகாது. கால அட்டவணைக்கு ஒரு சின்னப் படம் போதும். எழுத்துக் கருவிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை: செயற்கை நுண்ணறிவிடம் கொடுத்து இலக்கணம் பார்ப்பதைத் தப்பென்று சொல்ல மாட்டேன், அமைப்பின் விதி என்ன சொல்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் கேள்வியையும் வாதத்தையும் அதனிடம் எழுதி வாங்கினால், மேலே காட்டிய அந்த வீணான முதல் பத்தி மாதிரி யாருக்கும் பொருந்துகிற எழுத்துதான் கிடைக்கும். நேர்காணலில் அந்த வாதத்தை நீங்கள்தான் தாங்கிப் பிடிக்க வேண்டியிருக்கும் என்பதை மறந்துவிடாதீர்கள்.

பரிந்துரைக் கடிதங்களை நிறையப் பேர் தங்கள் கையில் இல்லாத விஷயம் என்று விட்டுவிடுகிறார்கள். எனக்கு இது மனசுக்கு நெருக்கமான விஷயம். முதல் முறை நான் விண்ணப்பித்தபோது ஒருவர் கடிதத்தைக் கடைசித் தேதி முடிந்து இரண்டு நாள் கழித்து ஏற்றினார். விண்ணப்பம் முழுமையாகவில்லை என்று தள்ளிவிட்டார்கள், யாரும் படிக்கவே இல்லை. அன்றிலிருந்து யார் கேட்டாலும் சொல்கிறேன்: ஆறு வாரம் முன்னால் கேளுங்கள், இரண்டு வாரம் முன்னால் நினைவூட்டுங்கள், மூன்று நாள் முன்னால் தொலைபேசியில் கூப்பிடுங்கள். கூடவே ஒரு பக்கக் குறிப்பு கொடுங்கள். அதில் திட்டத்தின் சுருக்கமும், அவருடன் வேலை செய்தபோது நடந்த இரண்டு மூன்று குறிப்பான சம்பவங்களும் இருக்கட்டும். "கடின உழைப்பாளி, பழக இனிமையானவர்" என்ற கடிதம் உங்களைக் காப்பாற்றாது. "எட்டு மாதம் யாராலும் கண்டுபிடிக்க முடியாத கோளாறு வளர்ப்பு ஊடகத்தில்தான் இருக்கிறது என்று இவர்தான் சொன்னார்" என்ற ஒரு வரி காப்பாற்றும்.

பெண்களுக்கு இது இன்னும் முக்கியம். புவி அறிவியலில் போஸ்ட்டாக் ஃபெல்லோஷிப்புகளுக்காக 54 நாடுகளிலிருந்து எழுதப்பட்ட 1,224 பரிந்துரைக் கடிதங்களை ஆராய்ந்து 2016-ல் ஒரு கட்டுரை வந்தது. ஆண்களோடு ஒப்பிட்டால் பெண்களுக்கு மிகச் சிறந்த கடிதம் கிடைக்கும் வாய்ப்பு ஏறக்குறைய பாதிதான். எழுதியவர் ஆணா பெண்ணா என்பது பெரிய வித்தியாசத்தை உண்டாக்கவில்லை. அதற்கு முன்பே, 1997-ல், கிறிஸ்டின் வென்னெராஸும் ஆக்னஸ் வோல்டும் ஸ்வீடன் மருத்துவ ஆய்வுக் கவுன்சிலின் போஸ்ட்டாக் ஃபெல்லோஷிப் மதிப்பெண்களைத் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் வாங்கிக் கணக்குப் போட்டார்கள். ஓர் ஆணுக்குக் கிடைத்த அதே தகுதி மதிப்பெண்ணைப் பெற ஒரு பெண் இரண்டரை மடங்கு அதிகம் வெளியிட்டிருக்க வேண்டியிருந்தது. அதே ஆய்வில், குழு உறுப்பினர் ஒருவரோடு தொடர்பு உள்ளவர்களுக்கும் கூடுதல் மதிப்பெண் விழுந்தது தெரியவந்தது. இப்படி வெளியே கொண்டுவந்ததால்தான் பல அமைப்புகளில் விதிகள் மாறின. கடிதம் எழுதுபவரிடம் "என்னால் தனித்து ஒரு குழுவை நடத்த முடியும் என்று நீங்கள் நினைத்தால் அதைக் கடிதத்தில் சொல்லுங்கள்" என்று கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் இல்லை. கேளுங்கள்.

நேர்காணல் வரை போனால் மூன்று முறையாவது ஒத்திகை பாருங்கள், அதில் ஒருமுறை உங்கள் துறைக்கு வெளியே உள்ளவர்கள் முன்னால். தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிட்டு, எப்படிக் கண்டுபிடிப்பீர்கள் என்பதைச் சொல்லுங்கள்.

கிடைக்காவிட்டால் என்ன? இதை நேராகவே பேசுகிறேன், ஏனென்றால் கிடைக்காமல் போகும் வாய்ப்புதான் அதிகம். மேரி கியூரியில் 2024-ல் 10,360 பேர் விண்ணப்பித்து 1,696 பேருக்குக் கிடைத்தது. ஆறு பேரில் ஒருவர். இதில் நல்ல விண்ணப்பங்கள் நிறைய வெளியே நின்றுவிடுகின்றன. அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்துக்கு வந்த 25 விண்ணப்பங்களை 43 மதிப்பீட்டாளர்களிடம் கொடுத்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2018-ல் வெளியானது. ஒரே விண்ணப்பத்துக்கு அவர்கள் கொடுத்த மதிப்பெண்களில் ஒற்றுமையே அநேகமாக இல்லை. அதனால் வெட்டுக்கோட்டுக்குச் சற்று கீழே நின்றவர், சற்று மேலே நின்றவரைவிடக் குறைந்த ஆய்வாளர் என்று சொல்ல எந்த ஆதாரமும் கிடையாது.

ஆனால் அந்தக் கோடு வாழ்க்கையை மாற்றிவிடுகிறது என்பதற்கு ஆதாரம் இருக்கிறது. நெதர்லாந்தில் ஆரம்பகட்ட ஆய்வாளர்களுக்கான மானியத்தில் கோட்டுக்குச் சற்று மேலே இருந்தவர்கள், அடுத்த எட்டு ஆண்டுகளில் சற்றுக் கீழே இருந்தவர்களைவிட இரண்டு மடங்குக்கும் மேல் ஆய்வு நிதி பெற்றதாக டைஸ் போலும் அவருடைய சகாக்களும் 2018-ல் காட்டினார்கள். அதற்கு ஒரு காரணம், கிடைக்காதவர்களில் பலர் அதன்பிறகு விண்ணப்பிப்பதையே நிறுத்திவிட்டது. இன்னொரு ஆய்வு 2019-ல் வந்தது. அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தின் மானியத்தை மயிரிழையில் தவறவிட்ட இளம் ஆய்வாளர்களைப் பின்தொடர்ந்தார்கள். சிலர் அந்த அமைப்புக்கு விண்ணப்பிப்பதையே விட்டு விலகிப் போனார்கள். தொடர்ந்து நின்றவர்களின் பிந்தைய கட்டுரைகள், மயிரிழையில் வென்றவர்களுடையதைவிட அதிகத் தாக்கம் கொண்டவையாக இருந்தன. இந்த இரண்டையும் சேர்த்துப் படித்த பிறகு, முதல் தோல்வியோடு நிறுத்திவிடாதீர்கள் என்று என் மாணவர்களிடம் கெஞ்சாத குறையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

மதிப்பீட்டாளர் கருத்துகள் வந்ததும் ஒரு முறை படித்துவிட்டு இரண்டு வாரம் மூடி வையுங்கள். அன்றே பதில் எழுதத் தோன்றும், வேண்டாம். பிறகு திறந்து, "மதிப்பீட்டாளர் தவறாகப் புரிந்துகொண்டார்" என்று கோபம் வரும் ஒவ்வோர் இடத்தையும் அடையாளம் போடுங்கள். உங்கள் எழுத்து தெளிவாக இல்லாத இடங்கள் பெரும்பாலும் அவைதான். என் இரண்டாவது விண்ணப்பத்துக்கு வந்த கருத்தில் "முன்னோட்டத் தரவு எதுவும் இல்லை" என்று இருந்தது. தரவு ஏழாம் பக்கத்தில், ஒரு படத்தின் விளக்கத்துக்குள் இருந்தது. ஒரு வாரம் கொதித்தேன். மூன்றாவது முறை அதே படத்தை இரண்டாம் பக்கத்துக்குக் கொண்டுவந்து, அதன் முடிவை ஒரு தனி வாக்கியமாக முதல் பத்தியில் எழுதினேன். சோதனைகளில் ஒன்றைக்கூட மாற்றவில்லை. அந்த முறை கிடைத்தது.

உங்கள் விஷயத்தில், ஒரே ஃபெல்லோஷிப்பை மட்டும் நம்பாமல் மூன்று நான்கு இடத்துக்கு அதே கேள்வியை வைத்து விண்ணப்பியுங்கள். இரண்டு கிடைத்தால் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ள முடியும், அது பரவாயில்லை. ஃபெல்லோஷிப் கிடைக்காவிட்டால் வேறு நிதியில் எடுத்துக்கொள்ள முடியுமா என்றும் ஆய்வகத் தலைவரிடம் முன்கூட்டியே கேட்டு வையுங்கள். இந்த வாரம் ஆய்வேட்டு வேலையிலிருந்து ஒரு மாலையை எடுத்து, அந்த முதல் பத்தியை மட்டும் எழுதுங்கள். எழுதி, உங்கள் கட்டடத்திலேயே வேறு துறையில் இருக்கும் ஒருவரிடம் கொடுத்து, படித்ததும் தாளை வாங்கிக்கொண்டு, "நான் என்ன செய்யப் போகிறேன்?" என்று கேளுங்கள். அவர் சொல்வதை அப்படியே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.